ஃபுல் பெக்கப்பை வச்சு டேட்டாபேஸ வேற மெசினுக்கு மாத்துறது – திருமலையில செய்த ஆக்கள் இருந்தா ஒருக்கா சொல்லுங்கோ

உவர்மலை_பெடியன் | வெள்ளி இரவு 9.42

எல்லாருக்கும் வணக்கம். மத்திய வீதியில எங்கட மாமாட ஹாட்வெயார் கடை இருக்கு, அங்க பில் போடுற கொம்பியூட்டர் 2015ல வாங்கினது, கடல் காத்துக்கு உள்ளுக்க போர்ட் எல்லாம் பச்சை பிடிச்சுப் போய்க் கிடக்கு, போன கிழமை ரெண்டு தரம் ஆக்கள் நிக்கேக்கயே தானா நிண்டுட்டுது. மாமா பயந்துபோய் புது மெசின் ஒண்டு வாங்கித் தந்திட்டு "தம்பி நீ படிச்ச பிள்ளைதானே, கணக்கெல்லாம் இதுக்கு மாத்தித் தா" எண்டு சொல்லிட்டார். கணக்கை வச்சிருக்கிற டேட்டாபேஸ் சொஃப்ட்வெயார் பழசில எஸ்கியூஎல் சேர்வர் 2014 எக்ஸ்பிரஸ் (காசில்லாத பதிப்பு), புதுசில நான் 2022 எக்ஸ்பிரஸ் போட்டிருக்கிறன். பில்லிங் சொஃப்ட்வெயார் செய்து தந்த ஆக்கள் இப்ப ஃபோன் எடுக்கினமில்ல.

மெனேஜ்மென்ட் ஸ்டூடியோவில (எஸ்கியூஎல் சேர்வரைக் கையாளுற புறோகிறாம்) ஃபுல் பெக்கப் எடுத்தன், பாக் ஃபைல், அதான் பெக்கப் ஃபைல், 5.9 ஜிபி வந்துது. அதை 32 ஜிபி பென் டிரைவில போட்டா ஃபைல் பெரிசு எண்டு ஏத்துதில்ல, ஆனா பென் டிரைவ் முழுக்க காலியாத்தான் இருக்கு. சரி எண்டு வயர் போட்டு நெட்வேர்க்கால கொண்டு போய் ரிஸ்டோர் (பெக்கப்பில இருந்து டேட்டாபேஸைத் திரும்ப உருவாக்கிறது) குடுத்தா டி டிரைவில ஃபோல்டர் இல்லை எண்டு எரர் 5133 வருது. புது மெசினில டி டிரைவே இல்லை. ஒன்பது வருசக் கணக்கு, கடன் கொப்பி முழுக்க அதுக்குள்ளதான் கிடக்கு. பிழையா ஏதும் செய்து போடுவனோ எண்டு கை நடுங்குது.

கடல்காகம் | வெள்ளி இரவு 10.05

தம்பி பென் டிரைவ் பழுதில்லை. அது ஃபாட்32ல ஃபோர்மட் ஆகியிருக்கும், அதில ஒரு தனி ஃபைல் 4 ஜிபியைத் தாண்ட ஏலாது, மிச்சம் எவ்வளவு இடம் கிடந்தாலும் சரி. எக்ஸ்ஃபாட் அல்லது என்டிஎஃப்எஸ்ஸா மாத்தினா ஏறும், மாத்தேக்க உள்ளுக்க இருக்கிறதெல்லாம் அழிஞ்சு போகும் எண்டதை மட்டும் மறக்காதைங்கோ.

நெட்வேர்க்கால கொண்டு போனது நல்லது. ஆனா போன ஃபைல் முழுசா போய்ச் சேர்ந்ததோ எண்டு பாருங்கோ. ரெண்டு மெசினிலயும் கமாண்ட் புறொம்ப்ட்ல சேர்ட்யூடில் ஹாஷ்ஃபைல் எண்டு குடுத்து எஸ்எச்ஏ256 (ஃபைலின்ட கைரேகை மாதிரி) எடுத்து, வாற நீள நம்பர் ரெண்டும் ஒண்டோ எண்டு பாருங்கோ. ஒரு எழுத்து மாறினாலும் திரும்பக் கொப்பி எடுக்கணும். எனக்கு ஒருக்கா பாதி வயர் கழண்டு, அளவு சரியாக் காட்டி, உள்ளுக்க பிழைச்ச ஃபைலோட ஒரு பகல் முழுக்க மல்லுக்கட்டியிருக்கிறன்.

நிலாவெளி_அக்கா | வெள்ளி இரவு 10.31

தம்பி முதல்ல பயப்படாதைங்கோ. பெக்கப் எடுக்கிறது வாசிக்கிற வேலைதான், பழைய டேட்டாபேஸில இருக்கிற கணக்கு ஒண்டும் மாறாது. நீங்கள் புது மெசினில எத்தினை தரம் ரிஸ்டோர் பிழைச்சாலும் பழசுக்கு ஒண்டும் வராது. ஒண்டே ஒண்டில மட்டும் கவனம், மெனேஜ்மென்ட் ஸ்டூடியோவில ரெண்டு சேர்வரையும் ஒரே நேரத்தில திறந்து வச்சுக்கொண்டு ரிஸ்டோர் குடுக்காதைங்கோ. இடது பக்கத்தில எந்த சேர்வர் எண்டு பாக்காம றிப்ளேஸ் (இருக்கிறதுக்கு மேலயே எழுது) எண்டு அடிச்சு ஓடுற பில்லிங் மேலயே பழைய பெக்கப்பை ஏத்தின ஆக்களை நான் கண்டிருக்கிறன். புது மெசினுக்கு முன்னால போய் இருந்து, அதில மட்டும் செய்யுங்கோ.

5133 ஏன் வருது எண்டால், ஃபுல் பெக்கப் ஃபைலுக்குள்ள டேட்டா மட்டும் இல்லை, அந்த டேட்டா ஃபைல் பழைய மெசினில எந்த இடத்தில இருந்தது எண்டதும் எழுதிக் கிடக்கு. ரிஸ்டோர் செய்யேக்க அது அதே இடத்தில கொண்டு போய் வைக்கப் பார்க்கும். உங்கட புது மெசினில டி இல்லை, அதான் தேடிக் களைக்குது. முதல்ல உள்ளுக்க என்ன இருக்கு எண்டு கேளுங்கோ. கீழ இருக்கிறதையெல்லாம் இங்கிலீஸ் எழுத்தில அடியுங்கோ:

ரிஸ்டோர் ஃபைல்லிஸ்ட்ஒன்லி ஃப்ரொம் டிஸ்க் = 'சி:\பெக்கப்\கடை.பாக்'

ரெண்டு வரி வரும். முதல் கொலத்தில லொஜிக்கல் நேம் (அந்த ஃபைலுக்கு டேட்டாபேஸ் உள்ளுக்க வச்சிருக்கிற பேர்), அடுத்ததில பழைய இடம், பிறகு சைஸ். அந்த மூண்டையும் எழுதி அனுப்புங்கோ, மிச்சம் அதைப் பார்த்துத்தான் சொல்லலாம்.

உவர்மலை_பெடியன் | வெள்ளி இரவு 11.10

அக்கா ரெண்டு மெசினிலயும் ஹாஷ் ஒண்டுதான், பார்த்தாச்சு. ஆனா இந்தக் கட்டளை குடுத்தா எரர் 3201, ஒப்பரேட்டிங் சிஸ்டம் எரர் 5, அக்செஸ் டினைட் எண்டு வருது. ஃபைல் டெஸ்க்டொப்லதான் இருக்கு, நான் அட்மின் யூசரால தான் லொகின் ஆகி இருக்கிறன், எனக்கு ஏன் அனுமதி இல்லை?

நிலாவெளி_அக்கா | வெள்ளி இரவு 11.18

உங்களுக்கு அனுமதி இருக்கு, ஃபைலைத் திறக்கப் போறது நீங்கள் இல்லை. எஸ்கியூஎல் சேர்வர் தனக்கெண்டு ஒரு சேர்விஸ் அக்கவுண்டில ஓடுது, அந்த அக்கவுண்டுக்கு உங்கட டெஸ்க்டொப்புக்குள்ள வர உரிமை இல்லை. எக்ஸ்பிரஸ் போடேக்கயே தனக்கெண்டு ஒரு பெக்கப் ஃபோல்டர் செய்து வச்சிருக்கும், புறோகிறாம் ஃபைல்ஸுக்குள்ள இன்ஸ்டன்ஸ் பேரில இருக்கிற ஃபோல்டரில. பாக் ஃபைலை அதுக்குள்ள போடுங்கோ, பிறகு கட்டளையில பாத்தை மாத்துங்கோ. இழுத்துப் போடாம கொப்பி எடுத்து ஒட்டுங்கோ, இழுத்தா பழைய ஃபோல்டர்ட அனுமதியோடயே போகும்.

உவர்மலை_பெடியன் | சனி காலை 6.55

வந்திட்டுது அக்கா! ஆனா ஒரு விசயம் விளங்கேல்ல. லொஜிக்கல் நேம் ரெண்டும் 'டெமோஷொப்', 'டெமோஷொப்_லொக்' எண்டு வருது. எங்கட கடைப் பேரே இல்லை. நான் பிழையான டேட்டாபேஸை பெக்கப் எடுத்திட்டனோ எண்டு ஒரு நிமிசம் நெஞ்சு திக்கெண்டு போச்சு. சைஸ் பார்த்தா டேட்டா 5.8 ஜிபி, லொக் 74 ஜிபி. புது மெசின் 128 ஜிபி எஸ்எஸ்டி, 58 ஜிபிதான் காலியா இருக்கு.

நிலாவெளி_அக்கா | சனி காலை 7.30

பிழையான டேட்டாபேஸ் இல்லை தம்பி. செய்து குடுத்த ஆக்கள் தங்கட மாதிரி டேட்டாபேஸ் ஒண்டை ஒவ்வொரு கடைக்கும் ரிஸ்டோர் செய்து பேரை மட்டும் மாத்திக் குடுத்திருக்கினம். ரிஸ்டோர் செய்யேக்க டேட்டாபேஸ் பேர் மாறும், ஃபைலின்ட பேர் மாறும், லொஜிக்கல் நேம் மட்டும் அப்பிடியே ஒட்டிக்கொண்டு வரும். அதால தான் கடைப் பேரை நினைச்சு அடிக்காம ஃபைல்லிஸ்ட்ஒன்லியில என்ன வந்துதோ அதை எழுத்துப் பிசகாமப் போடணும். இப்பிடி:

ரிஸ்டோர் டேட்டாபேஸ் கடை ஃப்ரொம் டிஸ்க் = 'பெக்கப் ஃபோல்டர்\கடை.பாக்' வித் மூவ் 'டெமோஷொப்' டு 'சி:\டேட்டா\கடை.எம்டிஎஃப்', மூவ் 'டெமோஷொப்_லொக்' டு 'சி:\டேட்டா\கடை_லொக்.எல்டிஎஃப்', ஸ்டாட்ஸ் = 10

சி:\டேட்டா எண்ட ஃபோல்டரை முதல்ல செய்து, சேர்விஸ் அக்கவுண்டுக்கு அதில முழு உரிமை குடுங்கோ. கடை எண்ட பேரில வெறும் டேட்டாபேஸ் ஒண்டை முதலே செய்து வச்சிட்டு ரிஸ்டோர் குடுக்காதைங்கோ, பிறகு 3154 எண்டு வேற எரர் வரும். ரிஸ்டோர் தானே டேட்டாபேஸை உருவாக்கும்.

ஆனா இப்ப இதை ஓட்டாதைங்கோ. லொக் எண்டது டேட்டாபேஸில நடக்கிற ஒவ்வொரு மாற்றத்தையும் எழுதி வைக்கிற ஃபைல், 74 ஜிபி லொக்கோட 3257 வந்து இடமில்லை எண்டு நிக்கும். பாக் ஃபைல் 5.9 ஜிபி தானே எண்டு நினைப்பியள், பெக்கப்புக்குள்ள லொக்கில தேவையான துண்டு மட்டும்தான் வரும், ஆனா ரிஸ்டோர் செய்யேக்க லொக் ஃபைலைப் பழைய மெசினில எவ்வளவு பெரிசா இருந்ததோ அவ்வளவு பெரிசா உருவாக்கும், அதோட அது முழுக்க பூச்சியம் எழுதும். இடமிருந்தாலும் கூட 0 வீதத்திலயே கனநேரம் நிண்டு உங்களை அழ வைக்கும்.

கிண்ணியா_காக்கா | சனி காலை 8.12

அஸ்ஸலாமு அலைக்கும். ஏன் தம்பி இவ்வளவு கஷ்டப்படுறீங்க, சேர்விஸ ஸ்டொப் பண்ணிட்டு எம்டிஎஃப் (டேட்டா) ஃபைலையும் எல்டிஎஃப் (லொக்) ஃபைலையும் அப்பிடியே கொப்பி எடுத்துட்டு புதுசில அட்டாச் பண்ணினா (சேர்வரோட நேரா சேர்த்து விட்டா) முடிஞ்சிச்சு. லொக் பெரிசெண்டா அந்த எல்டிஎஃப்ப விட்டுட்டு எம்டிஎஃப் மட்டும் கொண்டு போங்க, புது லொக் தானா வரும். நான் எங்கட சாச்சாட அரிசி மில்லுக்கு இப்பிடித்தான் செஞ்சன், ரெண்டு வருசமா நல்லா ஓடுது.

நிலாவெளி_அக்கா | சனி காலை 8.40

காக்கா குறை நினைக்காதைங்கோ, இதில மட்டும் நான் கொஞ்சம் இறுக்கமாச் சொல்லுவன். டேட்டாபேஸ் வடிவா மூடுப்பட்டிருந்தா எம்டிஎஃப் மட்டும் அட்டாச் ஆகும், உங்களுக்கு ஆனது அதால தான். ஆனா இந்தத் தம்பிட மெசின் ஆக்கள் நிக்கேக்கயே தானா ஓஃப் ஆகுது. ஓடிக்கொண்டிருந்த பில் ஒண்டு பாதியில நிண்டிருந்தா, அது பாதியில நிண்டது எண்டு தெரிஞ்ச ஒரே ஆள் அந்த லொக் தான். அதைத் தூக்கி எறிஞ்சா டேட்டாவில எது உண்மை எண்டு சொல்ல ஒருத்தரும் இல்லை. லொக் ஃபைல் எண்டா குப்பை ஃபைல் எண்டு பேரை வச்சு நினைக்கிறாக்கள் கனபேர், அது டேட்டாபேஸின்ட பாதி உயிர்.

இன்னொண்டு, ஃபைலை அட்டாச் செய்தா 2022 அந்த ஃபைலையே தன்ர வேர்சனுக்கு மாத்திப் போடும், அதைத் திரும்பப் பழைய 2014ல போட ஏலாது. கையில வேற கொப்பி இல்லாட்டி திரும்பி வர வழி இல்லை. பாக் ஃபைல் எண்டா அது மாறாமக் கிடக்கும், பத்துத் தரம் பத்து மெசினில ரிஸ்டோர் செய்யலாம்.

கிண்ணியா_காக்கா | சனி காலை 9.02

சரி தங்கச்சி, நீங்க சொல்றது நியாயம்தான். மெசின் தானா ஓஃப் ஆகுது எண்டத நான் கவனிக்கல்ல. அப்ப அந்த 74 ஜிபிக்கு என்ன செய்யிறது?

நிலாவெளி_அக்கா | சனி காலை 9.25

லொக்கை அழிக்காம சுருக்கலாம், அதைப் பழைய மெசினிலயே செய்யணும். ஏன் இப்பிடி ஊதினது எண்டு முதல்ல சொல்லுறன், ஏனெண்டா இது விளங்காட்டி புது மெசினிலயும் இதே கதைதான்.

எக்ஸ்பிரஸ்ல சும்மா டேட்டாபேஸ் உருவாக்கினா ரிக்கவரி மொடல் (லொக்கை எப்ப வெட்டுறது எண்ட செற்றிங்) சிம்பிள் எண்டுதான் வரும். இவையள்ட மாதிரி டேட்டாபேஸ் வேற எங்கேயோ ஃபுல் மொடலில இருந்து, ரிஸ்டோர் வழியா அப்பிடியே வந்திருக்கு. ஃபுல் எண்டா, லொக் பெக்கப் எண்டு தனியா ஒண்டு எடுக்கும்வரை சேர்வர் லொக்கில ஒண்டையும் வெட்டாது. ஃபுல் பெக்கப் எடுத்தா லொக் குறையும் எண்டு கனபேர் நம்பிக்கொண்டிருக்கினம், குறையாது. இன்னும் ஒரு புதினம் இருக்கு, ஃபுல் மொடலில இருந்தாலும் முதலாவது ஃபுல் பெக்கப் எடுக்கும்வரை லொக் தானா வெட்டுப்பட்டுக்கொண்டு தான் இருக்கும், அந்த முதல் பெக்கப்போட தான் சேரத் தொடங்கும். ஆரோ ஒரு நாள் நல்ல மனசோட ஒரு பெக்கப் எடுத்திருக்கினம், அண்டைக்குத் தொடங்கினது உங்கட 74 ஜிபி.

செய்ய வேண்டியது: கடை பூட்டின பிறகு பழைய மெசினில ரிக்கவரி மொடலை சிம்பிளா மாத்துங்கோ. பிறகு டிபிசிசி ஷ்ரிங்ஃபைல், அடைப்புக்குள்ள 'டெமோஷொப்_லொக்', 1024. அது மெகாபைட் கணக்கு. ஒரு தரத்தில இறங்காட்டி செக்பொயின்ட் எண்டு ஒரு சொல் அடிச்சு ஓட்டிட்டுத் திரும்பக் குடுங்கோ. டேட்டா ஃபைலை ஷ்ரிங் செய்யப் போகாதைங்கோ, அது இண்டெக்ஸ் எல்லாத்தையும் குழப்பிப் போடும். லொக் மட்டும். பிறகு புதுசா ஃபுல் பெக்கப், வித் செக்சம் (பழுதோ எண்டு பார்த்துப் பார்த்து எடுக்கிறது) போட்டு.

பெக்கப்புக்கு முதல் டிபிசிசி செக்டிபி (டேட்டாபேஸ் பழுதோ எண்டு சோதிக்கிறது) ஒருக்கா ஓட்டுங்கோ. தானா ஓஃப் ஆகிற மெசின் எண்டபடியால் இதை விட வேண்டாம்.

ஓய்வுபெற்ற_ஐயா | சனி பகல் 12.20

பிள்ளையள் கதைக்கிறதைப் பார்த்துக்கொண்டு இருந்தனான். செக்டிபி பற்றிச் சொன்னது மிகவும் சரி. 2022ல கரண்ட் வெட்டின காலம் எல்லாருக்கும் நினைவிருக்கும், மார்ச் கடைசியில ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை போச்சு. யூபிஎஸ் பற்றரி எல்லாம் அந்தக் கிழமைகளில செத்துப்போச்சு. எனக்குத் தெரிஞ்ச மருந்துக்கடை ஒண்டில டேட்டாபேஸ் சஸ்பெக்ட் (பழுதெண்டு சந்தேகப்பட்டுத் திறக்காத நிலை) எண்டு நிண்டுது. பெக்கப் இருக்கு எண்டு சந்தோசமா எடுத்தால், ரெண்டு மாதமா பழுதான பக்கங்களோடயே பெக்கப் எடுத்துக்கொண்டு இருந்திருக்கு. செக்சம் போடாத பெக்கப் பழுதையும் அப்பிடியே பிரதி எடுத்து வச்சுத் தரும், ஒண்டும் சொல்லாது.

இன்னொரு விசயம், இது எனக்கு மனசில கிடந்து அரிக்கிறது. 2004 டிசம்பர் 26 காலையில நான் வேலை செய்த இடம் கடற்கரையில இருந்து கொஞ்சத் தூரம்தான். நாங்கள் ஒழுங்கா பெக்கப் எடுத்த ஆக்கள். ஒவ்வொரு வெள்ளியும் சீடி எழுதி, மேல திகதி போட்டு, இரும்பு அலுமாரியில வச்சனாங்கள். அந்த அலுமாரி சேர்வருக்குப் பக்கத்தில நிண்டுது. தண்ணி வத்தினாப் பிறகு கதவை உடைச்சுத் திறந்தம், சீடி உறைக்குள்ள சேறு, உப்புத் தண்ணி, என்ர கையெழுத்து மட்டும் கரைஞ்ச நீலமா தெரிஞ்சுது. ஆக்கள் போன அந்த நாளில கணக்கைப் பற்றிக் கதைக்க எங்களுக்கு வாய் வரேல்ல. ஆனா பிறகு நிவாரணம் குடுக்க ஆக்களின்ட விபரம் தேவைப்பட்ட நேரம்தான் அந்த அலுமாரியை நினைச்சு அழுதன். தம்பி, கடை மத்திய வீதியில, உங்கட வீடு உவர்மலையில. பாக் ஃபைலில ஒரு கொப்பி மேல வீட்டில இருக்கட்டும். கெஞ்சிக் கேட்கிறன்.

உவர்மலை_பெடியன் | சனி பகல் 1.05

ஐயா வாசிச்சிட்டு மாமாவுக்கும் வாசிச்சுக் காட்டினன், அவர் ஒண்டும் கதைக்கேல்ல, எழும்பிப் போய் பழைய ஹார்ட் டிஸ்க் ஒண்டை எடுத்துக்கொண்டு வந்து தந்தார், வீட்டில வைக்கச் சொல்லி. கட்டாயம் செய்வன்.

அக்கா ஒரு சந்தேகம். இண்டைக்கு இரவு பெக்கப் எடுத்து நான் புதுசில எல்லாம் சரிப்பண்ண ரெண்டு மூண்டு நாள் போகும். அதுக்குள்ள பழைய மெசினில பில் போட்டுக்கொண்டு தானே இருப்பினம், அந்த பில் எல்லாம்?

கடல்காகம் | சனி பகல் 1.40

அது புதுசுக்கு வராது தம்பி, பெக்கப் முடிஞ்ச நேரத்தோட படம் பிடிச்ச மாதிரி நிண்டிடும். அதால ரெண்டு தரமாச் செய்ய யோசியுங்கோ. இண்டைக்கு எடுக்கிறது ஒத்திகைக்கு. அதை வச்சு புது மெசினில லொகின், பிரிண்டர், றிப்போர்ட் எல்லாம் ஓட்டிப் பாருங்கோ, பிழைக்கிறதெல்லாம் பிழைக்கட்டும். எல்லாம் பிடிபட்டாப் பிறகு கடை பூட்டு ஒரு நாளில, போயா (பௌர்ணமி லீவு) வந்தா நல்லம், பழசைக் கடைசியா பெக்கப் எடுத்து, உடனேயே பழைய டேட்டாபேஸை ரீட் ஒன்லியா (வாசிக்க மட்டும்) மாத்துங்கோ. இல்லாட்டி ஆராவது பழக்கதோசத்தில பழசில ஒரு பில் போட்டிடுவினம், பிறகு ரெண்டு மெசினிலயும் ஒரே பில் நம்பர் ரெண்டு ஆளுக்கு நிக்கும்.

பெரிய டேட்டாபேஸ் எண்டா ஃபுல்லை முதல் நாளே நோரிக்கவரியில (மேல இன்னும் ஏத்துற மாதிரித் திறக்காம) ரிஸ்டோர் செய்து வச்சிட்டு கடைசியில டிஃபரென்ஷியல் (அந்த ஃபுல்லுக்குப் பிறகு மாறினது) மட்டும் எடுத்து ஏத்தலாம். அப்பிடிச் செய்யிற ஆக்கள் இடையில வேற ஃபுல் பெக்கப் எடுத்தா கொப்பி ஒன்லி போட்டுத்தான் எடுக்கணும், போடாட்டி டிஃபரென்ஷியல் புது ஃபுல்லோட சேர்ந்திடும், கையில இருக்கிற ஃபுல்லோட பொருந்தாது. உங்கட 6 ஜிபிக்கு இதொண்டும் தேவையில்ல, நேரா ஃபுல் எடுங்கோ, தேத்தண்ணி குடிச்சு முடிய வேலை முடிஞ்சிடும்.

உவர்மலை_பெடியன் | ஞாயிறு காலை 5.50

நித்திரை இல்லை ஆனா சந்தோசம். செக்டிபியில பிழை 0 எண்டு வந்துது. லொக் 74 ஜிபியில இருந்து 1 ஜிபிக்கு இறங்கீட்டுது, முதல் தரம் அசையேல்ல, அக்கா சொன்ன செக்பொயின்ட் போட்டாப் பிறகுதான் இறங்கினது. புது மெசினில மூவ் போட்டு ஓட்டினன், 10, 20 எண்டு போய் 100 வந்தாப் பிறகு கொன்வேர்ட்டிங் டேட்டாபேஸ் எண்டு தொடங்கி 782ல இருந்து 957க்கு ஒவ்வொரு படியா வரி வரியா ஓடிச்சு, என்ன நடக்குது எண்டு தெரியாம கும்பிட்டுக்கொண்டு இருந்தன். முடிஞ்சுது. டேபிள் எல்லாம் தெரியுது.

ஆனா பில்லிங் சொஃப்ட்வெயாரைத் திறந்தா லொகின் ஃபெயில்ட், 18456. அந்த யூசர் டேட்டாபேஸுக்குள்ள செக்கியூரிட்டியில தெரியுது. இருக்கிற யூசர் ஏன் இல்லை எண்டுது? பாஸ்வேர்டும் எங்களுக்குத் தெரியாது, சொஃப்ட்வெயாருக்குள்ள பூட்டி வச்சிருக்கினம்.

நிலாவெளி_அக்கா | ஞாயிறு காலை 7.15

கெட்டிக்காரன் தம்பி! 782 எண்டது 2014ன்ட உள் நம்பர், 957 எண்டது 2022ன்ட. அந்த மாற்றம் ஒரு வழிதான், 2022ல எடுக்கிற பெக்கப்பைப் பழைய 2014ல ரிஸ்டோர் செய்யக் கேட்டா 3169 எண்டு மறுத்திடும். கொம்பேட்டிபிலிட்டி லெவல் (எந்த வேர்சன் மாதிரி நடக்கிறது எண்ட செற்றிங்) 120லயே நிக்கும், அதை இப்ப தொடாதைங்கோ, பழைய சொஃப்ட்வெயார் அதோட பழகினது.

லொகின் விசயம், இது வீட்டுச் சாவியும் கேற்றுச் சாவியும் மாதிரி. லொகின் எண்டது சேர்வரின்ட கேற்று, அது மாஸ்டர் எண்ட சேர்வரின்ட சொந்த டேட்டாபேஸில இருக்கு. யூசர் எண்டது உங்கட டேட்டாபேஸின்ட உள் கதவு. நீங்கள் கொண்டு வந்தது வீட்டை மட்டும், கேற்று பழைய மெசினிலயே நிக்குது. அதே பேரில புது லொகின் ஒண்டு செய்தாலும் சரிவராது, ஏனெண்டா ரெண்டையும் இணைக்கிறது பேர் இல்லை, எஸ்ஐடி எண்ட ஒரு நீள நம்பர். பாஸ்வேர்ட் தெரிஞ்ச ஆக்கள் புது லொகின் செய்து ஓல்டர் யூசர் இன்னார் வித் லொகின் = இன்னார் எண்டு சேர்த்து விடலாம். உங்களுக்கு பாஸ்வேர்ட் தெரியாது, அதால மைக்ரோசொஃப்ட் தாற எஸ்பி ஹெல்ப் ரெவ்லொகின் எண்ட ஸ்கிரிப்டை பழைய மெசினில ஓட்டுங்கோ. அது அந்த லொகினை அதே எஸ்ஐடியோட, பாஸ்வேர்ட் ஹாஷோட ஒரு கிரியேட் லொகின் வரியா எழுதித் தரும். அதை எடுத்துப் புதுசில ஓட்டினா பாஸ்வேர்ட் என்னெண்டு தெரியாமலே சாவி பொருந்தும்.

அதோட புது எக்ஸ்பிரஸ்ல மிக்ஸ்ட் மோட் ஓதென்டிகேஷன் (வின்டோஸ் யூசரோட எஸ்கியூஎல்லின்ட சொந்த லொகினையும் ஏற்கிறது) போட்டிருக்கோ எண்டு பாருங்கோ. வின்டோஸ் மட்டும் எண்டு இருந்தா எந்தச் சாவியும் வேலை செய்யாது. மாத்தினாப் பிறகு சேர்விஸை ஒருக்கா நிப்பாட்டித் தொடங்கணும்.

வயல்காரன்_தம்பலகாமம் | ஞாயிறு காலை 8.00

நாங்கள் ஒரு சங்கத்துக்கு போஸ்ட்கிறஸ்ல (வேற ஒரு டேட்டாபேஸ் சொஃப்ட்வெயார்) வச்சிருக்கிறம், அதுக்கும் இதே மாதிரித்தானா?

கடல்காகம் | ஞாயிறு காலை 8.20

இல்லை அண்ணா, அங்க பிஜி டம்ப் எடுத்தா வேற வேர்சனுக்கும் கொண்டு போகலாம், பிஜி பேஸ்பெக்கப் (ஃபைல்களை அப்பிடியே எடுக்கிறது) எண்டா ரெண்டு பக்கமும் ஒரே மேஜர் வேர்சனா இருக்கணும். யூசர் எல்லாம் வர பிஜி டம்ப்ஓலில குளோபல்ஸ் தனியா எடுக்கணும், அது மட்டும் இந்தக் கதையைப் போலத்தான், சாவி வேற வீடு வேற. வேற இழை தொடங்குங்கோ, விளக்கமாக் கதைப்பம்.

உவர்மலை_பெடியன் | ஞாயிறு பின்னேரம் 4.45

மிக்ஸ்ட் மோட் இல்லாமத்தான் இருந்தது. மாத்திட்டு ஸ்கிரிப்ட் ஓட்டினன், உள்ளுக்க போயிட்டுது! ஆனா ரெண்டு பிரச்சினை. சாமான் பேர் தமிழில இருக்கிறதெல்லாம் கீழ்மேலா இங்கிலீஸ் எழுத்தா வருது, பெயின்ட் தூரிகை எண்டு இருந்த இடத்தில என்னவோ கிடக்கு. டேட்டா பழுதாப் போச்சோ? மற்றது, மாதக் கடன் றிப்போர்ட் மட்டும் எரர் 468, கொலேஷன் கொன்ஃபிளிக்ட்.

நிலாவெளி_அக்கா | ஞாயிறு பின்னேரம் 5.20

முதலாவது டேட்டா பழுதில்லை. யுனிகோட் இல்லாம பாமினி எழுத்துருவில அடிச்சிருக்கினம். டேட்டாபேஸுக்குள்ள எப்பவுமே இங்கிலீஸ் எழுத்துத்தான் கிடந்தது, பழைய மெசினில பாமினி இருந்தபடியால் கண்ணுக்குத் தமிழாத் தெரிஞ்சுது. பழசில இருந்து அந்த எழுத்துருவை எடுத்துப் புதுசில போடுங்கோ, அவ்வளவும்தான். கேள்விக்குறி வரிசையா வந்திருந்தா தான் பயப்படணும், அது யுனிகோட் தமிழை வார்சாரில (யுனிகோட் தமிழை வைக்க ஏலாத கொலம்) போட்டு இழந்த கதை, அதை எந்த பெக்கப்பும் திருப்பித் தராது.

ரெண்டாவது, வின்டோஸ் போடேக்க புதுசில இங்கிலீஸ் யுனைட்டட் கிங்டம் எண்டு தெரிவு செய்தனீங்களா? எஸ்கியூஎல் சேர்வர் போடேக்க அதைப் பார்த்துத்தான் தன்ர கொலேஷனைத் (எழுத்துகளை ஒப்பிடுற, வரிசைப்படுத்துற விதி) தெரிவு செய்யும், யூஎஸ் எண்டா ஒண்டு, யூகே எண்டா வேற ஒண்டு. டேட்டாபேஸ் தன்ர பழைய கொலேஷனோட தான் வரும், ஆனா டெம்ப்டிபி (தற்காலிக வேலைக்கான டேட்டாபேஸ்) புது சேர்வரின்ட கொலேஷனில இருக்கும். அந்த றிப்போர்ட் டெம்ப் டேபிள் ஒண்டு செய்து ரெண்டையும் சேர்க்கேக்க முட்டுப்படுது.

உவர்மலை_பெடியன் | ஞாயிறு பின்னேரம் 5.31

ஓம் அக்கா யூகே தான் குடுத்தன். என்ன செய்யலாம்?

நிலாவெளி_அக்கா | ஞாயிறு பின்னேரம் 5.50

சொஃப்ட்வெயாரின்ட உள்ளைத் தொட ஏலாது, அதால சேர்வரைத் தான் மாத்தணும். புது மெசின் தானே, இன்னும் பாவனைக்கு வரேல்ல, எக்ஸ்பிரஸைக் கழட்டிட்டுத் திரும்பப் போடுங்கோ. போடேக்க கொலேஷன் எண்ட பக்கம் வரும், அதில பழைய சேர்வரின்ட கொலேஷனையே எழுத்து மாறாமத் தெரிவு செய்யுங்கோ, அப்பவே மிக்ஸ்ட் மோடும் போட்டுவிடுங்கோ. பிறகு ரிஸ்டோர், லொகின் ஸ்கிரிப்ட். நீங்கள் இப்ப ஒருக்கா செய்த கை, அரை மணித்தியாலம் கூட எடுக்காது. ஒத்திகை பார்க்கச் சொன்னது இதுக்குத்தான்.

உவர்மலை_பெடியன் | புதன் இரவு 9.15

எல்லாருக்கும் சொல்லாம இருக்க ஏலாது. இண்டைக்குப் போயா, கடை பூட்டு. கடைசி பெக்கப் எடுத்து, பழசை ரீட் ஒன்லி ஆக்கி, புதுசில ஏத்தியாச்சு. ரெண்டு மெசினையும் பக்கத்தில வச்சு மாமாவும் நானும் ஒத்துப் பார்த்தம். பில் டேபிளில வரி எண்ணிக்கை ரெண்டிலயும் ஒண்டு, கடைசி பில் நம்பர் ஒண்டு, கடன் மொத்தம் சதம் வரைக்கும் ஒண்டு. மாமாக்கு அது காணாது, மூதூரில இருந்து வாற ஒரு மேசனார்ட பேரைச் சொல்லி "அவர்ட கணக்கை எடு" எண்டார், 2017ல இருந்து ஒவ்வொரு சீமெந்துப் பையா கீழ வரைக்கும் வாசிச்சார். கடைசி வரி வரைக்கும் வாசிச்சிட்டுத்தான் கண்ணாடியைக் கழட்டினார்.

பாக் ஃபைல் ஒண்டு அந்த ஹார்ட் டிஸ்கில உவர்மலை வீட்டில, அலுமாரியின்ட மேல் தட்டில. ஐயாவுக்குச் சொல்லத்தான் இதை எழுதினன். இன்னொண்டு, ஒவ்வொரு இரவும் தானா பெக்கப் எடுக்க ஏஜன்ட் எண்டு ஒண்டைத் தேடினன், எக்ஸ்பிரஸ்ல காணேல்ல.

கடல்காகம் | புதன் இரவு 9.40

எக்ஸ்பிரஸ்ல ஏஜன்ட் இல்லை தம்பி. பெக்கப் கட்டளையை ஒரு ஃபைலில எழுதி வச்சு எஸ்கியூஎல்கமாண்டால (கட்டளை ஓட்டுற சின்ன புறோகிறாம்) ஓட்டுற மாதிரி வின்டோஸ் டாஸ்க் செடியூலரில போடுங்கோ, இரவு 8.30க்கு, கடை பூட்டின கையோட. ஃபைல் பேரில திகதி வாற மாதிரிச் செய்யுங்கோ. மாதத்தில ஒரு நாள் அதில ஒண்டை உங்கட லப்டொப்பில ரிஸ்டோர் செய்து பில் நம்பர் பாருங்கோ.

ஓய்வுபெற்ற_ஐயா | புதன் இரவு 10.02

மேல் தட்டில வச்சதுக்கு நன்றி மகன். ஹார்ட் டிஸ்கை ஒரு பொலித்தீன் பையில போட்டு இறுக்கிக் கட்டி வையும், உவர்மலையிலயும் உப்புக் காத்துத்தான்.